வீட்டு நெட்டில் ஐபி தானாக மாறுகிறதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மஞ்சக்குப்பத்தில் கம்ப்யூட்டர், கேமரா சர்வீஸ் பார்ப்பவன் நான். கடலூரில் மழை பிடித்துக்கொண்டால் என் போனுக்கு ஓய்வு கிடையாது. "நேத்து வரைக்கும் பிரின்டர் வந்துச்சு", "கேமரா தெரியல", "ஐபி மாறிடுச்சாம், யாரோ உள்ள பூந்துட்டாங்களா?" என்று திருப்பாதிரிப்புலியூரிலிருந்து புதுச்சேரி முத்தியால்பேட்டை வரை ஒரே பாட்டு. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துப்போய் இங்கே எழுதி வைக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன்.

அண்ணா, ஐபி மாறிடுச்சு. என்ன பண்றது?

எந்த ஐபி? நான் முதலில் திருப்பிக் கேட்பது இதைத்தான். ஐபி என்பது நெட்டில் ஒரு சாதனத்தின் முகவரி எண். உங்கள் வீட்டில் இரண்டு வகை ஐபி இருக்கிறது. பழைய ஒண்டுக்குடித்தன வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். தெருவுக்குத் தெரிவது வாசலில் உள்ள ஒரே கதவு எண். உள்ளே முன்கட்டு, கிணற்றடி, மாடி என்று ஒவ்வொரு குடித்தனத்துக்கும் வீட்டுக்காரர் வைத்த எண் வேறு. தபால்காரருக்கு வாசல் எண் போதும். உள்ளே யாருக்கு வந்த கடிதம் என்பதை வீட்டுக்காரர் பார்த்துக்கொள்வார். இங்கே வீட்டுக்காரர் உங்கள் ரவுட்டர், அதாவது வீட்டுக்கு வை-ஃபை கொடுக்கும் பெட்டி. வாசல் எண் நெட் கம்பெனி கொடுத்தது. உள் எண்கள் ரவுட்டர் கொடுத்தவை.

உள் எண் 192.168 என்றோ, 10 என்றோ, 172.16 முதல் 172.31 வரைக்குள்ளோ ஆரம்பிக்கும். வீடு, ஆபீஸ் உள்ளே மட்டும் புழங்க இந்த மூன்று வரிசைகளை 1996-லேயே ஒதுக்கிவிட்டார்கள். அதனால்தான் உங்கள் டிவியும் எதிர்வீட்டு டிவியும் 192.168.1.5 ஆகவே இருந்தாலும் சண்டை வருவதில்லை. போனில் வை-ஃபை பெயரைத் தொட்டு விவரம் பார்த்தால் தெரிவது உள் எண். பிரவுசரில் "வாட் இஸ் மை ஐபி" என்று தேடினால் வருவது வாசல் எண். இரண்டையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு எனக்குப் போன் செய்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

உள்ளே இருக்கிற எண் ஏன் மாறணும்? ஒரு தடவை கொடுத்தா கொடுத்ததுதானே?

கொடுப்பதில்லை, லீசுக்கு விடுகிறது. ரவுட்டருக்குள் டிஹெச்சிபி என்றொரு வேலையாள் இருக்கிறார். போன் வை-ஃபையில் சேர்ந்ததும் "எனக்கு ஒரு எண் கொடுங்கள்" என்று கத்தும். அவர் காலியாக உள்ள ஒன்றை எடுத்து, இத்தனை மணி நேரத்துக்கு உன்னுடையது என்று கொடுப்பார். பல ரவுட்டர்களில் அது 24 மணி நேரம், சிலவற்றில் 2 மணி நேரம்தான். பாதி நேரம் கழிந்ததும் போன் தானாகவே "நீட்டித்துக் கொடுங்கள்" என்று கேட்கும். பதில் வராவிட்டால் எட்டில் ஏழு பங்கு நேரம் கழிந்ததும் மறுபடி, இந்த முறை பொதுவாக எல்லோருக்கும் கேட்கும்படி கத்தும். 1997-ல் எழுதிவைத்த விதிமுறை; இன்றும் அதேதான்.

ஆகவே எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும் சாதனத்தின் எண் சும்மா மாறாது. நாலு நாள் ஊருக்குப் போய் லேப்டாப்பை மூடி வைத்திருந்தால், அதன் எண் தங்கைக்கு வாங்கிய புதுப் போனுக்குப் போயிருக்கலாம். அதில் தவறு ஒன்றும் இல்லை.

கரண்ட் போயிட்டு வந்தா மட்டும் எல்லாம் கலைஞ்சு போகுதே?

ஆமாம். விலை குறைந்த ரவுட்டர்கள் பல, யாருக்கு எந்த எண் கொடுத்தோம் என்ற கணக்கை மறதிக்குப் போகும் நினைவில்தான் வைத்திருக்கின்றன. கரண்ட் போனால் கணக்கும் போச்சு. திரும்பி வந்ததும் டிவி, கேமரா, நாலு போன், பிரின்டர் எல்லாம் ஒரே நேரத்தில் வரிசையில் வந்து நிற்கும். சாதனங்கள் "பழைய எண்ணையே கொடுங்கள்" என்று கேட்கத்தான் செய்யும். முந்திக்கொண்டவர் அதை வாங்கிப் போயிருந்தால் கிடைக்காது.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரையைக் கடந்ததே, அப்புறம் கரண்ட் வந்த நாட்களில் எனக்கு வந்த போன்கள் பெரும்பாலும் இதே கதைதான். நெட் வந்துவிட்டது, பிரின்டர் மட்டும் "ஆஃப்லைன்". பிரின்டர் செத்துப்போகவில்லை. அது 192.168.1.7-க்குக் குடிபோய்விட்டது, கம்ப்யூட்டர் இன்னும் 192.168.1.4-ன் கதவைத் தட்டிக்கொண்டிருந்தது. நம் ஊர் வாசல்களில் பழைய எண், புதிய எண் என்று இரண்டு பலகை தொங்குமே, அந்தக் குழப்பம்தான்.

அப்போ பிரின்டர், கேமராவுக்கு மட்டும் எண் மாறாம வைக்க முடியாதா?

முடியும், வைத்தே தீர வேண்டும். இந்தப் பக்கத்தில் ஒன்றே ஒன்றைச் செய்வதென்றால் இதைச் செய்யுங்கள்.

ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் பாருங்கள். 192.168.1.1 அல்லது 192.168.0.1 என்று ஒரு எண், கூடவே லாகின் பெயரும் பாஸ்வேர்டும் இருக்கும். வை-ஃபையில் இணைந்தபடியே அந்த எண்ணை பிரவுசரில் அடித்தால் ரவுட்டரின் பக்கம் திறக்கும். உள்ளே டிஹெச்சிபி என்ற இடத்தைத் தேடுங்கள். அதற்குள் "அட்ரஸ் ரிசர்வேஷன்" என்றோ "ஸ்டாடிக் லீஸ்" என்றோ "மேக் பைண்டிங்" என்றோ ஒன்று இருக்கும். கம்பெனிக்கு ஒரு பெயர் வைத்து நம்மைச் சுற்றவிடுவார்கள், வேலை ஒன்றுதான். அங்கே பிரின்டரின் மேக் முகவரியையும், அதற்கு நீங்கள் கொடுக்க விரும்பும் எண்ணையும் எழுதிச் சேமித்துவிடுங்கள். மேக் முகவரி என்பது சாதனத்தின் உடம்போடு பிறந்த 12 இலக்க அடையாளம். பிரின்டரின் பின்பக்கமோ அதன் நெட்வொர்க் மெனுவிலோ இருக்கும். சேமித்ததும் பிரின்டரை ஒருமுறை அணைத்துப் போடுங்கள். இனி எத்தனை தடவை கரண்ட் போனாலும் அந்த எண் அதற்கு மட்டும்தான்.

சிலர் ரவுட்டர் பக்கமே போகாமல் பிரின்டரிலேயே கையால் எண்ணை எழுதிவிடுவார்கள். அதுவும் வேலை செய்யும், ஆனால் ஒரு கண்ணி இருக்கிறது. ரவுட்டர் 192.168.1.2 முதல் 254 வரை எல்லாவற்றையும் பங்குபோட உரிமை வைத்திருக்கும்போது, நீங்கள் நடுவில் 20-ஐ எடுத்து பிரின்டரில் எழுதினால், அது ரவுட்டருக்குத் தெரியாது. பிரின்டர் தூங்கும் நேரம் பார்த்து அதே 20-ஐ யாருக்காவது கொடுத்துவிடும். கையால் எழுதத்தான் வேண்டுமென்றால், டிஹெச்சிபி பங்கிடும் வரிசையை முதலில் 100 முதல் 200 வரை என்று சுருக்கிவிட்டு, 100-க்குக் கீழே உள்ளதை எடுத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. செய்ததை எல்லாம் ஒரு தாளில் எழுதி மீட்டர் போர்டு கதவின் உள்பக்கம் ஒட்டிவையுங்கள். ரவுட்டர் இடியில் போனால் ரிசர்வேஷனும் அதோடு போய்விடும். ஐப்பசி, கார்த்திகையில் இங்கே ரவுட்டர் இடியில் போவது புதிய செய்தியா என்ன?

"ஐபி கான்ஃப்ளிக்ட்"னு கம்ப்யூட்டர்ல வருது.

ஒரே எண்ணில் இரண்டு பேர். மேலே சொன்ன கண்ணியில் விழுந்திருக்கிறீர்கள்.

என் போனுக்கு ரிசர்வ் பண்ணி வெச்சேன். அப்பவும் வேற எண்தான் வருது.

போன் வேஷம் போடுகிறது. கடைக்குக் கடை, மாலுக்கு மால் ஒரே மேக் முகவரியோடு திரிந்தால் ஆளைப் பின்தொடர முடியும் என்பதால், 2019-ல் வந்த ஆண்ட்ராய்டு 10 முதலும் 2020-ல் ஐபோனுக்கு வந்த ஐஓஎஸ் 14 முதலும் போன்கள் ஒவ்வொரு வை-ஃபைக்கும் ஒரு பொய் மேக் முகவரியைக் காட்டுகின்றன. அந்த வை-ஃபையை நீக்கிவிட்டு மறுபடி சேர்த்தால் வேஷம் மாறிவிடலாம். ரவுட்டருக்கு அது முன்பின் தெரியாத ஆள்.

கண்டுபிடிக்க ஒரு குறுக்குவழி உண்டு. மேக் முகவரியின் இரண்டாவது இலக்கம் 2, 6, ஏ (A), இ (E) இவற்றில் ஒன்றாக இருந்தால் அது போட்டுக்கொண்ட வேஷம். வீட்டு வை-ஃபைக்கு மட்டும் இதை நிறுத்தலாம்: ஆண்ட்ராய்டில் அந்த வை-ஃபையின் பிரைவசி என்ற இடத்தில் போனின் சொந்த மேக்கைப் பயன்படுத்தச் சொல்லுங்கள், ஐபோனில் "பிரைவேட் வை-ஃபை அட்ரஸ்" என்பதை அணையுங்கள். டீக்கடை வை-ஃபையில் வேஷம் இருக்கட்டும், நல்லதுதான்.

பிள்ளைகளின் போனுக்கு ரவுட்டரில் நேரக் கட்டுப்பாடு போட்டு வைத்திருக்கும் பெற்றோர் இதைக் கட்டாயம் படிக்கவும். பிள்ளைகள் உங்களுக்கு முன்பே படித்துவிட்டார்கள்.

169.254-ன்னு ஆரம்பிக்கிற எண் வந்திருக்கு. இது எந்த ஊர்?

எந்த ஊரும் இல்லை. எண் கேட்டுக் கத்திப் பார்த்து, பதில் வராமல், கம்ப்யூட்டர் தனக்குத் தானே வைத்துக்கொண்ட எண் அது. அதை வைத்து நெட் வராது. ரவுட்டர் உறைந்திருக்கலாம்; வரிசையில் எண் தீர்ந்திருக்கலாம்; கேபிள் போயிருக்கலாம். தேவனாம்பட்டினம், சோனாங்குப்பம் பக்கம் என்றால் நான் முதலில் கேபிள் முனையைக் கழற்றித்தான் பார்ப்பேன். உப்புக்காற்றில் அந்த எட்டு உலோகக் கோடுகளும் பச்சை பூத்திருக்கும். வெட்டிவிட்டுப் புது முனை போட்டால் தீர்ந்தது.

நேத்து வரைக்கும் 192.168.1-ல இருந்தது, இன்னைக்கு 192.168.0-ன்னு வருது. சில பேருக்கு நெட் வருது, சில பேருக்கு வரல.

வீட்டில் யாராவது இரண்டாவது ரவுட்டர் மாட்டினார்களா? "இல்லையே சார்" என்பார்கள். போய்ப் பார்த்தால் மாடியில் ஒன்று கண் சிமிட்டிக்கொண்டிருக்கும்.

லாஸ்பேட்டையில் ஒரு வீடு. கீழே அம்மா அப்பா, மாடியில் மகனும் மருமகளும். மாடியில் சிக்னல் பத்தவில்லை என்று, பழைய வீட்டிலிருந்து கொண்டுவந்த ரவுட்டரை மகன் மாட்டியிருக்கிறார். கீழிருந்து வந்த கேபிளை அதன் பின்னால் காலியாக இருந்த துளையில் சொருகிவிட்டார். பார்த்தால் வீட்டுச் சாதனங்களுக்கான நாலு துளை மஞ்சள், வெளி லைனுக்கான ஒன்று நீலம். அவர் சொருகியது மஞ்சளில். அன்றிலிருந்து வீட்டுக்குள் எண் கொடுக்க இரண்டு பேர். யாராவது எண் கேட்டுக் கத்தினால், இருவரும் பதில் சொல்வார்கள். எந்தப் பதில் முந்துகிறதோ அதைச் சாதனம் எடுத்துக்கொள்ளும். கீழ் ரவுட்டர் முந்தினால் நெட் வரும். மாடி ரவுட்டர் முந்தினால் 192.168.0 வரிசையில் எண் வரும், "வெளியே போக என்னிடம் வா" என்றும் சொல்லும். அதற்கோ வெளியே போக வழியே கிடையாது. அப்பாவின் போனில் காலையில் நெட் இருக்கும், மதியம் இருக்காது. கம்பெனிக்காரர்கள் மூன்று முறை வந்து "லைன் நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிப் போயிருக்கிறார்கள். லைன் நன்றாகத்தான் இருந்தது.

தீர்வு பத்து நிமிட வேலை. மாடி ரவுட்டரைத் தனியாகக் கம்ப்யூட்டரோடு இணைத்து, அதன் டிஹெச்சிபியை அணைத்தேன். அதன் சொந்த எண்ணை 192.168.1.2 என்று மாற்றினேன்; கீழ் ரவுட்டர் அந்த எண்ணை யாருக்கும் கொடுக்காதபடி பங்கிடும் வரிசையை 100-லிருந்து ஆரம்பிக்க வைத்தேன். பிறகு அதே மஞ்சள் துளையில் கேபிள். இப்போது அது ரவுட்டர் வேலையை விட்டுவிட்டு வெறும் வை-ஃபை கொடுக்கும் பெட்டி. பல ரவுட்டர்களில் இதற்கென்றே "ஆக்சஸ் பாயின்ட் மோடு" உண்டு. இருந்தால் அதையே போடலாம்.

நீலத் துளையில், அதாவது 'வான்' (WAN) என்று எழுதியிருக்கும் துளையில், சொருகினால் சரியாகிவிடுமா என்று கேட்பீர்கள். நெட் வரும். ஆனால் வீட்டுக்குள் இன்னொரு வீடு கட்டிய மாதிரி ஆகும். மாடிப் போனிலிருந்து கீழே உள்ள டிவிக்குப் படம் அனுப்ப முடியாது, பிரின்டரைத் தேடினால் கிடைக்காது. அதனால் எனக்கு அந்த வழி பிடிக்காது.

எந்தப் பெட்டி எண் கொடுத்தது என்று தெரிய, போனில் ஐபிக்குப் பக்கத்தில் "கேட்வே" என்று இருக்கும் எண்ணைப் பாருங்கள். அது நீங்கள் எதிர்பார்த்த ரவுட்டரின் எண் இல்லையென்றால், திருடன் வீட்டுக்குள்தான் இருக்கிறான்.

சரி, வாசல் எண்ணுக்கு வாங்க. அது தினமும் மாறுதே, கம்பெனி ஏமாத்துதா?

இல்லை. பழைய முறை ஐபி எண்கள் உலகத்துக்கே மொத்தம் 429 கோடிச் சொச்சம்தான். பொதுக் களஞ்சியத்தில் இருந்த கடைசிக் கட்டுகள் 2011 பிப்ரவரி 3 அன்று பங்கிடப்பட்டன. நம் ஆசிய பசிபிக் வட்டாரத்தில் அதே ஆண்டு ஏப்ரல் 15 முதல் ரேஷன்தான். ஆகவே கம்பெனி தன்னிடம் உள்ளதைச் சுழற்றிவிடுகிறது. உங்கள் இணைப்பு அறுந்து மறுபடி சேரும்போது கையில் கிடைத்ததைக் கொடுக்கும். மாறாத எண் வேண்டுமென்றால் ஸ்டாடிக் ஐபி என்று கேட்டு, தனியாகப் பணம் கட்ட வேண்டும். படம் பார்க்கவும் வாட்ஸ்அப் பேசவும் அது தேவையே இல்லை.

எதனால மாறுதுன்னு நானே கண்டுபிடிக்கலாமா?

நிச்சயமாக. ரவுட்டரின் பக்கத்தில் "ஸ்டேட்டஸ்" என்ற இடத்தில் அது எவ்வளவு நேரமாக ஓடுகிறது என்று ஒரு கணக்கு இருக்கும். பக்கத்திலேயே வெளி இணைப்பு எவ்வளவு நேரமாக நிற்கிறது என்றும் இருக்கும். மாற்றம் தெரிந்தவுடனே இரண்டையும் பாருங்கள்.

ரவுட்டர் ஓடும் நேரமே குறைவாக, அரை மணி என்று காட்டினால், ரவுட்டர் அணைந்து எழுந்திருக்கிறது. கரண்ட் போகவில்லையே என்றால் அடாப்டரைச் சந்தேகப்படுங்கள். 12 வோல்ட் என்று எழுதியிருக்கும், ஆனால் வருடக்கணக்கில் சூடாகி உழைத்தது, ஆட்கள் வீட்டுக்கு வந்து வை-ஃபை வேலை கூடும் நேரத்தில் தளர்ந்துவிடும். ரவுட்டர் பழுது என்று தூக்கிக்கொண்டு வந்தவர்களில் எத்தனையோ பேரை நான் அடாப்டர் மட்டும் மாற்றி அனுப்பியிருக்கிறேன்.

ரவுட்டர் பத்து நாளாக ஓடுகிறது, வெளி இணைப்பு மட்டும் ஒரு மணி நேரம் என்றால், லைன் அறுந்து சேர்ந்திருக்கிறது. இதில் உங்கள் கை ஒன்றும் இல்லை. நேரத்தைக் குறித்துவைத்துக் கம்பெனியிடம் சொல்லுங்கள். "அடிக்கடி போகுது" என்று சொன்னால் காதில் வாங்க மாட்டார்கள். "செவ்வாய் 2.10-க்கு, புதன் 2.15-க்கு" என்றால் வாங்குவார்கள்.

இரண்டுமே பத்து நாள் என்று காட்டியும், சாதனத்தை நாட்கணக்கில் அணைத்து வைக்காமலே உள் எண் மாறினால், மேலே சொன்ன வேஷம் போடும் போன் அல்லது மாடி ரவுட்டர்.

ரவுட்டருக்கு சின்ன யுபிஎஸ் போட்டா நிக்குமா?

உள் எண்கள் நிற்கும், காசுக்கு மோசமில்லை. வெளி இணைப்பு நிற்பது மறுமுனையைப் பொறுத்தது. முழு ஃபைபர் லைனில் வழியில் தூணில் தொங்கும் பிரிப்பான் பெட்டிக்கு மின்சாரமே தேவையில்லை; கம்பெனி அறையில் பேட்டரி இருந்தால் போதும். சில உள்ளூர் கேபிள் இணைப்புகளில் தெருவில் யார் வீட்டுக் கரண்டிலோ ஓடும் பெட்டி ஒன்று இருக்கும். தெருவுக்கே கரண்ட் போனால் அதுவும் போகும், உங்கள் யுபிஎஸ் சும்மா பச்சை விளக்கு காட்டிக்கொண்டிருக்கும்.

சிங்கப்பூர்ல இருந்து வீட்டு கேமராவைப் பார்த்துட்டிருந்தேன். ஐபி மாறினதும் போச்சு. டிடிஎன்எஸ் போட்டா சரியாகுமாமே?

ஆகலாம், ஆகாமலும் போகலாம். டிடிஎன்எஸ் என்பது மாறும் வாசல் எண்ணுக்கு மாறாத ஒரு பெயரைக் கட்டி வைக்கும் ஏற்பாடு. ஆனால் அந்த வாசல் உங்களுடையதாக இருக்க வேண்டும். வீட்டில் இருப்பவரிடம் சொல்லி ரவுட்டரின் ஸ்டேட்டஸில் வெளி ஐபியைப் பார்க்கச் சொல்லுங்கள். பிரவுசரில் தேடினால் வரும் எண்ணோடு ஒப்பிடச் சொல்லுங்கள். இரண்டும் ஒன்றானால் டிடிஎன்எஸ் போடலாம். ரவுட்டரில் 100.64 முதல் 100.127 வரைக்குள் ஆரம்பிக்கும் எண்ணோ 10-ல் ஆரம்பிப்பதோ தெரிந்தால், கம்பெனி ஒரே வாசல் எண்ணைப் பல வீடுகளுக்குப் பங்கிட்டிருக்கிறது. 100.64 வரிசை 2012-ல் இதற்கென்றே ஒதுக்கப்பட்டது. வெளியிலிருந்து தட்டும் தட்டு உங்கள் வீட்டுக்கு வந்து சேராது. டிடிஎன்எஸ், வெளியிலிருந்து வருவதைக் கேமராவுக்கு வழிவிடும் போர்ட் ஃபார்வர்டிங் எதைப் போட்டாலும் வீண்.

அப்படியானால் கேமரா கம்பெனியின் ஆப்பில் க்யூஆர் கோடை ஸ்கேன் செய்து பார்க்கும் முறைக்கு மாறுங்கள். அங்கே கேமராதான் வெளியே போய்க் கைகொடுக்கிறது, அதனால் எண் மாறினாலும் கவலையில்லை. அல்லது ஸ்டாடிக் ஐபி வாங்குங்கள். போர்ட் திறந்து வைப்பவர்கள் டிவிஆரின் (கேமரா படத்தைப் பதிவு செய்யும் பெட்டி) பாஸ்வேர்டை மாற்றாமல் திறக்காதீர்கள். 2016-ல் மிராய் என்ற வைரஸ் உலகம் முழுக்கக் கேமராக்களையும் டிவிஆர்களையும் வளைத்தது கம்பெனி வைத்த பாஸ்வேர்டுகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்துத்தான்.

நான் நெல்லிக்குப்பத்துல உக்காந்திருக்கேன். பேங்க்ல இருந்து "மும்பையில லாகின்"னு மெயில்.

ஐபியை வைத்து ஊரைச் சொல்வது குறிசொல்வது மாதிரி. கம்பெனி அந்த எண்ணை எங்கே பதிந்திருக்கிறதோ அந்த ஊர் பெயர் வரும். நீங்கள் லாகின் செய்த அதே நிமிடம் என்றால் நீங்கள்தான். நீங்கள் தூங்கிய நேரம் என்றால் உடனே பாஸ்வேர்டை மாற்றி வங்கிக்குச் சொல்லுங்கள். பணம் போயிருந்தால் சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு அடியுங்கள்.

வீட்ல இருந்து ஆபீஸ் வேலை. விபிஎன் அப்பப்போ அறுந்துடுது, ஐபி மாறுதுன்னு ஐடி டீம் சொல்றாங்க.

விபிஎன் என்பது ஆபீஸ் நெட்டுக்குள் போகும் தனி வழி. போனின் ஹாட்ஸ்பாட்டுக்கு லேப்டாப் தாவுகிறதா பாருங்கள். வை-ஃபை தளர்ந்ததும் முன்பு சேர்த்துவைத்த வேறொரு வை-ஃபைக்கு லேப்டாப் போய்விடும். போனானால் மொபைல் டேட்டாவுக்கு. வழி மாறினால் வாசல் எண்ணும் மாறும். லேப்டாப்பில் மற்ற இணைப்புகளுக்கு "தானாகச் சேர்" என்பதை எடுத்துவிடுங்கள். முடிந்தால் கேபிள் போட்டு வேலை செய்யுங்கள்.

ரொம்ப நீளமா, எழுத்தும் எண்ணும் கலந்து ஒரு ஐபி தினமும் மாறுது.

அது ஐபிவி6, புதிய முறை ஐபி. பின்பாதியைச் சாதனமே, வழக்கமாக நாளுக்கு ஒருமுறை, வேண்டுமென்றே மாற்றிக்கொள்கிறது, பின்தொடர்பவர்களை ஏய்க்க. விட்டுவிடுங்கள்.

அப்போ ஹேக் ஆனதுக்கு அடையாளமே இல்லையா?

ஐபி மாறுவது அடையாளம் இல்லை. டிஎன்எஸ், அதாவது தளத்தின் பெயரைச் சொன்னால் அதன் ஐபியைச் சொல்லும் சர்வர், மாறுவது அடையாளம். ரவுட்டர் பக்கத்தில் டிஎன்எஸ் என்ற இடத்தில் நீங்களோ கம்பெனியோ வைக்காத எண் இருந்தால், வங்கியின் பெயரை அடித்தாலும் போலிப் பக்கத்துக்கு உங்களைக் கொண்டுபோக முடியும். அப்படி டிஎன்எஸ்ஸை மாற்றிய ஒரு வைரஸின் போலி சர்வர்களுக்குப் பதிலாக அமெரிக்காவில் தற்காலிகமாக நடத்திய நல்ல சர்வர்களை 2012 ஜூலை 9 அன்று நிறுத்தியபோது, சுத்தம் செய்யாத கம்ப்யூட்டர்களில் நெட்டே நின்றது. டிஎன்எஸ்ஸைத் திருத்துங்கள், ரவுட்டரின் லாகின் பாஸ்வேர்டையும் வை-ஃபை பாஸ்வேர்டையும் மாற்றுங்கள், வெளியிலிருந்து ரவுட்டருக்குள் நுழையும் வழியான "ரிமோட் மேனேஜ்மென்ட்" திறந்திருந்தால் மூடுங்கள்.

எதுக்கு இவ்வளவு? பின்னாடி இருக்கிற சின்ன ஓட்டையில குண்டூசி விட்டு ரீசெட் பண்ணிட்டா போதாதா?

தயவுசெய்து வேண்டாம். ஃபைபர் பெட்டியில் கம்பெனியின் யூசர் பெயர், பாஸ்வேர்டு, லைன் செட்டிங் எல்லாம் எழுதி வைத்திருப்பார்கள். குண்டூசி விட்டால் அத்தனையும் அழியும். ஐபி மாறுகிறது என்ற குறை போய், நெட்டே இல்லை என்ற குறை வரும். சனிக்கிழமை சாயந்திரம் செய்தீர்களானால் லைன்மேன் வர திங்கட்கிழமை ஆகும். சுவிட்சை அணைத்துவிட்டு ஒரு நிமிடம் கழித்துப் போடுங்கள், அது போதும்.